வழுக்குமரத்து மேல ஒரு மாப்பிள்ளை

ஹலோ... ஹலோ... ஆங், அத்தை, நான்தாங்க...

ஈஸ்வரி போன்தானே இது... அடுப்படியில இருக்காளா, சரிங்க... இல்லங்க, பேங்க்லேருந்து பேசல... இல்ல இல்ல, ஓடிபி எல்லாம் கேக்க மாட்டேங்க... அத்தை, வச்சிடாதீங்க, வச்சிடாதீங்க...

மாப்ள பேசுறேங்க... ஆமாங்க, மாப்ளதான்... உங்களுக்கு எத்தன மாப்ள இருக்கோம். ஒரே மாப்ளதானே. அந்த ஒண்ணுதான் நானு. சிங்காரவேலு.

குரலு வேறயா இருக்குங்களா... தெளிவா இருக்கா... அது அப்படித்தாங்க இருக்கும், நான் இப்ப ரெண்டு மாசமா... இல்லங்க, சளி புடிக்கல... ஆஸ்பத்திரி எல்லாம் வேணாங்க...

சரி, இருங்க. இப்பக் கேளுங்க... அத்...தே... நா...ந்தேன்... ஈச்சு...வரிய குடு...ங்க... அவ எங் கொலசாமி... தெய்வம்...

ஆங். இப்பத் தெரிஞ்சிடுச்சா. அதான் நானு.

அய்யய்யோ, இல்லங்க. அது சும்மா பேசிக் காட்டினேன். அடையாளம் தெரியணும்ல, அதுக்கு... குடிக்கலங்க... அத்தை, அவகிட்ட அப்படிச் சொல்லாதீங்க... சொல்லியாச்சா... நல்ல ஏத்தத்துல இருக்காருன்னா சொன்னீங்க... சரி விடுங்க. குடுங்க அவகிட்ட.

ஈஸ்வரி... வைக்காத, வைக்காத. ஒரே ஒரு நிமிசம்...

குடிக்கல. குடிக்கவே இல்ல. உங்கம்மா என்னைய ஏதோ திருட்டுப்பயன்னு நெனச்சுட்டாங்க. அதுக்காகப் பழைய மாதிரி பேசிக் காட்டினேன்... ஆமா... ஆமா, நடிச்சேன்... அவ்வளவு அச்சு அசலா இருந்தா நான் என்னம்மா பண்றது, வருசக்கணக்காப் பழகின வாயி.

மன்னிச்சுக்க...

ஏன், மன்னிப்புக் கேட்டா குடிச்சிருக்கேன்னு அர்த்தமா... நிதானத்துல இருக்கும்போது நான் கேட்டதே இல்லியா... சரி, அப்ப கேட்டதத் திருப்பி எடுத்துக்கறேன். மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் கெடையாது. போதுமா... அதுக்கும் திட்டினா எப்படி.

இங்கதான். ஊர்லதான். பிள்ளையார் கோயில் திடல்ல இருக்கேன். காணும் பொங்கலுக்கு வெளையாட்டுப் போட்டி நடக்குதுல்ல... இரைச்சலா... காத்து அடிக்கிது... இல்ல, கீழ அவ்வளவா இருக்காது. நான் கொஞ்சம் ஒசரத்துல இருக்கேன்.

வழுக்குமரத்துல.

வழுக்குமரத்து மேல ஈஸ்வரி. உச்சியில. குறுக்குக் கட்டை போட்டிருப்பாங்கல்ல, அதுல உக்காந்திருக்கேன்...

ஹலோ... ஹலோ...

இருக்கியா. வச்சிட்டியோன்னு நெனச்சேன்... ஒளறல... நான் ஒளறல. இங்கேரு, நான் சொல்றத மொதல்லேருந்து கேளு. கேட்டுட்டு அப்பறம் திட்டு.

இந்த வருசம் திடல்ல ஒரு பயலும் குடிக்கக் கூடாதுன்னு மகளிர் குழுவுல முடிவு பண்ணிட்டாங்க. விஜயலட்சுமி அக்காதான் தலைவி. வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்து ஒவ்வொருத்தன் வாயையும் ஊதச் சொல்லி மோந்து பாத்துத்தான் உள்ள விடுது... ஆமா, எல்லாரையும்... பஞ்சாயத்துத் தலைவரையும்தான். அவரு வெங்காய பஜ்ஜி தின்னுட்டு வந்தாரு, அதுக்கே ரெண்டு தடவ ஊதச் சொல்லிடுச்சு.

அதனால என்ன ஆச்சுன்னா, போட்டி எல்லாம் முடிஞ்சு போச்சு... முடிஞ்சே போச்சுங்கறேன். வருசா வருசம் உறியடின்னா பொழுது சாயற வரைக்கும் ஓடுமா. கண்ணக் கட்டி விட்டா ஒருத்தன் கோயில் மணிய அடிப்பான், ஒருத்தன் மைக் செட்டு பெட்டிய அடிப்பான். இன்னைக்கு மொதல்ல வந்தவன் நேரா நடந்து போனான், ஒரே அடி, பானை காலி. ஜனங்க கை தட்டவே இல்ல. ஏதோ ஏமாத்திட்டாங்கங்கற மாதிரி பாத்துகிட்டு நிக்கிது.

கயிறு இழுக்கறதுலயும் அப்படித்தான். கீழத் தெருவும் மேலத் தெருவும் புடிச்சு இழுத்தானுவ, இழுத்தானுவ, ஒருத்தனும் விழல. கடைசியில ரெண்டு பக்கமும் பேசி வச்சுகிட்டு ஒரே சமயத்துல விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டானுவ. சண்டை வரும்னு ரெண்டு போலீஸ்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. பாவம், அவங்களுக்கும் போரடிச்சுப் போயி மியூசிக்கல் சேர்ல சேந்துட்டாங்க... பொய் சொல்லலம்மா. ஒருத்தரு ரெண்டாவது பரிசு. சில்வர் தூக்கு குடுத்தாங்க.

சிரிச்ச. சிரிச்சத நான் கேட்டேன்... சரி, சிரிக்கல. நம்பிட்டேன்.

அப்பறந்தான் வழுக்குமரம். நம்ம பரணிதரன் மைக்ல, அடுத்து சிங்காரவேலு அண்ணன்னு சொன்னதுதான், திடலே நிமிந்து உக்காந்துது. என்னைய நம்பித்தானே கூட்டமே வருது. பாதி மரம் ஏறுவேன், அங்கேருந்து ஒரு பாட்டுப் பாடுவேன், பாட்டோட பாட்டா சறுக்கிகிட்டு வந்து விழுவேன். புள்ளைங்க எல்லாம் அதுக்குன்னு முன்னால வந்து தரையில உக்காந்துதுங்க.

நான் பாட்டுக்கு ஏறினேன். ஏறிட்டேன்.

ஆமா. ஒரே மூச்சுல. கத்தாழையும் வெளக்கெண்ணெயும் அப்பிதான் வச்சிருந்தானுவ, தண்ணியும் பீச்சி அடிச்சானுவ. ஆனா காலு வைக்க வேண்டிய எடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது ஈஸ்வரி. இத்தன வருசமா தெரிஞ்சதே இல்ல. நிமிந்து பாத்தா, மேல ஒண்ணுமில்ல. வானந்தான் இருக்கு.

போன் எப்படி மேல வந்துதா... டவுசர் பையில இருந்துது. ப்ளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்தேன்... யாராவது மரம் ஏறும்போது போன எடுத்துட்டுப் போவாங்களான்னா... நீ ஒருவேள கூப்பிடுவியோன்னு வச்சிருந்தேன்.

ம்...

பரிசா... கையிலதான் இருக்கு... பாட்டிலு... ஹலோ, ஹலோ, கேளு. பாட்டிலுன்னா அந்த பாட்டிலு இல்ல. நன்னாரி சர்பத். முன்னெல்லாம் பயலுவ துணி மூட்டைக்குள்ள வேறத ஒளிச்சுக் கட்டுவானுவ, அது உண்மதான். இந்த வருசம் விஜயலட்சுமி அக்கா கையால சர்பத் பாட்டிலக் கட்டினாங்க... நல்லா இருந்துது. பாதி குடிச்சிட்டேன்... வெயிலு அடிக்கிதும்மா, வேற என்ன பண்ணச் சொல்ற. கையில பாட்டிலு, மரத்து மேல உக்காந்திருக்கேன்னு சொன்னா நீ நம்ப மாட்டேன்னு எனக்கும் தெரியிது. நானே நம்ப மாட்டேன். ஆனா அதான் நடக்குது.

கேளு. எது வேணும்னாலும் கேளு, பதில் சொல்றேன்... பதினேழாம் வாய்ப்பாடா... எனக்கு எப்பத்தான் அது தெரிஞ்சுது. வேற கேளு... நம்ம கல்யாண நாளா...

இரு... வைகாசி... வைகாசி இல்ல. ஆவணி... ஆவணி கடைசியா... ஆனியா...

பாத்தியா. தெரியல. குடிச்சிருந்தா டக்குன்னு சொல்லியிருப்பேன்ல. தேதி, கெழம, நீ கட்டியிருந்த பொடவ கலர், பந்தியில பாயசம் பத்தாமப் போனது எல்லாம் சொல்லி அழுதிருப்பேன்ல. இப்ப ஒண்ணுமே ஞாபகம் வரல. இத விட என்ன சாட்சி வேணும்... அதுக்கு ஏன் கோவப்படுற. நிதானமா இருக்கற மனுசன் இப்படித்தான் இருப்பான். நம்ம ஊர்ல யார வேணும்னாலும் கேட்டுப் பாரு.

இரு, போன நீட்டுறேன். மைக் சத்தத்தக் கேளு...

கேட்டுதா... சிங்காரவேலு அண்ணன் தயவு செஞ்சு எறங்கவும்னு சொல்றான் பாரு... நான் சொல்லிக் குடுத்து அவன் பேசுறானா... ஊர்க்காரன் மொத்தப் பேரையும் நான் செட்டப் பண்ணியிருக்கேனா... ஈஸ்வரி, அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு இருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்.

ரொம்ப நேரமா சொல்றான். மரத்தச் சுத்தித்தான் கும்மி அடிக்கணுமாம். விஜயலட்சுமி அக்கா கீழேருந்து கைய காட்டுது... அக்கா, நீங்க ஆரம்பிங்கக்கா. நான் பாட்டுக்கு ஒரு ஓரமா உக்காந்திருக்கேன்... ஓரம் எங்க இருக்கா... சரிக்கா, நடுவுல உக்காந்திருக்கேன். ஆரம்பிங்க.

ஆங், சொல்லும்மா. ஆரம்பிச்சுட்டாங்க. சுத்தி வர்றாங்க. இங்கேருந்து பாத்தா வகிடும் பூவுமாத் தெரியுது... யாரையும் பாக்கல. வகிடு தெரியுதுன்னுதான் சொன்னேன்.

ஏன் எறங்கலியா...

பயமா இருக்கு. இவ்வளவு ஒசரம்னு எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் பயமே வராது. இப்ப கீழ பாத்தா, விழுந்தா எந்த எலும்பு ஒடையும்னு எண்ணத் தோணுது. பரணிதரன் தீயணைப்பு வண்டிக்கு போன் பண்ணட்டுமாங்கறான். வேணாம்டா, பூனைக்கு வர்ற மாதிரி வந்து எறக்குவானுவ, மானம் போவும்னுட்டேன்.

நம்ம வீடு தெரியுது. மொட்டமாடி தெரியுது. கொடி கட்டியிருக்கு, துணி ஒண்ணும் காயல. வாசல்ல கோலமும் இல்ல. பொங்கலன்னைக்கு நானே போட்டுப் பாத்தேன். கோழி கிளறின மாதிரி வந்துது, அழிச்சிட்டேன். பொங்கலும் வச்சேன்... பொங்குச்சு. பொங்குச்சு, ஆனா பொங்கலோ பொங்கல்னு தனியா ஒருத்தன் நின்னு கத்துறதுக்குக் கூச்சமா இருந்துது. வாய்க்குள்ள சொல்லிகிட்டேன். மாடுதான் பாத்துது.

வாய்க்கா அந்தாண்ட நம்ம சம்பா பூரா கதிரு சாஞ்சு கெடக்கு. அறுப்பு மிசினு இன்னும் நாலு நாள்ல வரும்னாங்க...

இல்ல. பேச்ச மாத்தல.

சரி. மாத்துறேன்தான். சொல்லிடுறேன்.

பயந்துகிட்டு மட்டும் இங்க உக்காந்திருக்கல. கயிறு அறுந்து போச்சு ஈஸ்வரி.

நீ போனதுக்கு மறுநாளு ஆத்தங்கர முனீஸ்வரனுக்கு முன்னால கட்டிகிட்டேனே, அந்தக் கயிறு. காணும் பொங்கல் முடியற வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லிக் கட்டினது. நீயும் அதத்தானே சொன்ன, பொங்கல் முடியற வரைக்கும் தொடாம இருந்து காட்டுங்க, அப்பறம் வர்றேன்னு. ஏறும்போது எண்ணெயில ஊறி, மரத்துல தேஞ்சு, உச்சிக்கு வர்ற நேரத்துல அறுந்து கீழ விழுந்துடுச்சு.

கீழ யாரு நிக்கிறான் தெரியுமா... ராம்கி. அவன்தான் எடுத்தான். எடுத்து வெரல்ல சுத்திகிட்டு, மாப்ள, சாமியே உன்னைய விட்டுட்டாருடா, நாங்க ஒண்ணும் பண்ணல, தானா அறுந்துடுச்சு, எறங்கி வாங்கறான். மோட்டார் கொட்டாயில எல்லாம் தயாரா வச்சிருக்கானாம். மீன் வறுத்து வச்சிருக்கானாம்... ஆமா... ஆமா, அவனேதான்... திட்டு, நல்லாத் திட்டு, ஆனா அவனும் கெட்ட எண்ணத்துல சொல்லல. கயிறு போயிட்டா கணக்கும் போச்சுன்னுதான் ஊரே சொல்லுது. போலீஸ்காரரு கூட, அப்படித்தான் போலருக்குன்னாரு.

எனக்கும் அப்படித்தான் தோணுது, அதான் பயம். இந்தக் கையி வெறும் கையா இருக்கு. எறங்கினா அந்தக் கொட்டாய்க்குப் போயிடுவேன் ஈஸ்வரி. காலு தானாப் போவும். நான் என்னைய பாத்திருக்கேன்ல. மேல இருக்கற வரைக்கும் யாரும் வந்து ஊத்திக் குடுக்க முடியாது. அதான் உக்காந்திருக்கேன்.

ம்...

ம்... அழல... காத்துல கண்ணு எரியிது.

பூசாரி ஊர்ல இல்ல. மக வீட்டுக்கு சீர்காழி போயிட்டாரு. அறுந்த கயித்த திருப்பிக் கட்டக் கூடாதாம். வேற யாரு கட்டுவா.

சத்தியம் பண்ணணுமா...

இல்ல. அது வேணாம்.

பண்ண மாட்டேன் ஈஸ்வரி. எத்தன தடவ பண்ணியிருக்கேன். தீபாவளிக்கு மொத நாளு ராத்திரி கூட நம்ம புள்ள குந்தவ தலையில கைய வச்சு சொன்னேன். மறுநாளு அவ புதுச் சட்டையப் போட்டுகிட்டு, பட்டாசு பெட்டிய மடியில வச்சுகிட்டு எனக்காக உக்காந்திருந்தா. நான் வாய்க்கா வரப்புல மழையில கெடந்தேன். யாரோ தூக்கிட்டு வந்து போட்டாங்க. கண்ணத் தொறந்து பாக்கறேன், புள்ள பெட்டியப் பிரிக்கவே இல்ல. நமுத்துப் போயிடும்னு போர்வைக்குள்ள வச்சிருந்தா. இனிமே அது தலையில நான் கை வைக்க மாட்டேன். நாளைக்கு என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. இப்ப குடிக்கல. இந்த மரத்து மேல இருக்கற வரைக்கும் குடிக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். நம்புனா நம்பு, இல்லாட்டி வச்சிடு.

ஹலோ...

ஈஸ்வரி... இருக்கியா...

என்ன சொன்ன... திருப்பிச் சொல்லு, கும்மி சத்தத்துல சரியாக் கேக்கல...

நம்புறியா.

எதுனால... ஓ... சத்தியம் பண்ண மாட்டேன்னதுக்கா... குடிச்சிருந்தா மூணு தடவ பண்ணியிருப்பனா... ஆமா, அதுவும் சரிதான். எனக்கு இது தோணவே இல்ல பாரேன். வாய்ப்பாட்டுல போயி நின்னுகிட்டு இருந்தேன்.

ம்... ம்... சரி... சரி, அழுவாத. நீ அழுதா உங்கம்மா நான் ஏதோ சொல்லிட்டேன்னு நெனைப்பாங்க... அத்தை, ஒண்ணும் சொல்லலங்க, நல்லாத்தான் பேசிகிட்டிருக்கோம்... ஸ்பீக்கர்ல போடலியா, சரி.

யாரு... குந்தவயா... குடு, குடு.

செல்லம்... அப்பாதான்டா... ஆமா, நெசமாவே மரத்து மேலதான்... பட்டுக்கோட்டை தெரியாதுடா, அவ்வளவு ஒசரம் இல்ல. தென்னமரமாத் தெரியுது, அதுக்கு அந்தாண்டதான் நீ இருக்க... ஆமா, கயிறு அறுந்துடுச்சு... இல்ல, கடையில வாங்குறது செல்லாது. யாராவது கட்டி விடணும்...

உன் ரிப்பனா.

ரிப்பன் எப்படிடா... இல்ல, முனீஸ்வரன் கோவிச்சுக்க மாட்டாரு, ஆனா... பள்ளிக்கூட ரிப்பனா, செவப்பு செவப்பா இருக்குமே, அதா... நீயே கட்டி விடுவியா... ரெட்ட முடிச்சா... அவுக்கவே முடியாத முடிச்சா. டீச்சரு சொல்லிக் குடுத்தாங்களா.

போதும்டா. அது போதும். அம்மாகிட்ட குடு.

ஈஸ்வரி, கேட்டியா... ஒரு மணி பஸ்ஸா... இப்பவே கெளம்பினா புடிச்சிடலாமா... அடுப்புல என்ன இருக்கு... எறக்கி வச்சிடு. உங்கம்மா பாத்துக்க மாட்டாங்களா... பட்டாசு பெட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லு. நமுத்திருந்தா பரவால்ல, வெயில்ல வச்சு எடுத்துக்கலாம்... பொங்கலுக்கு எவன் பட்டாசு வெடிப்பான்னா, நாம வெடிப்போம்.

நானா... எங்க போவப் போறேன். இங்கயேதான் இருப்பேன். பஸ்ஸு பாலத்துல திரும்பும்போதே மேலேருந்து தெரியும். குந்தவய ஜன்னல் ஓரமா உக்கார வச்சு ரிப்பன மட்டும் வெளிய நீட்டி ஆட்டச் சொல்லு... கையி வேணாம், ரிப்பன் மட்டும். அதப் பாத்ததும் எறங்க ஆரம்பிச்சுடறேன். நீங்க திடலுக்கு நடந்து வர்றதுக்கும் நான் தரைக்கு வர்றதுக்கும் சரியா இருக்கும்.

சர்பத்து பாதி இருக்கு... இருக்கட்டும், உங்களுக்கு வைக்கிறேன்.

ஒரு நிமிசம் இரு, கீழேருந்து கத்துறான்... என்னடா... டேய் ராம்கி, மீன நீயே தின்னுட்டு வீட்டுக்குப் போடா... கயித்தத் தூக்கி ஆத்துல போடு... நான் வரல... எறங்குவேன், எறங்குவேன், ஒனக்காக எறங்க மாட்டேன். எம்மவ ஒரு மணி பஸ்ல ரிப்பன் எடுத்துட்டு வர்றா.

ஆங், சொல்லும்மா... ஹலோ... ஈஸ்வரி... ஹலோ...

வச்சிட்டா. கெளம்பிட்டா போலருக்கு.